நின்று உழைத்தவர்களை உட்காரவைத்த அம்மையாருக்கு

புழுதிப் பாதைகளைப் புன்னகையால் அளந்தவரே! கூலி என்ற சொல்லுக்குள் குனிந்து கிடந்த மனிதரைக் கைகொடுத்து நிமிர்த்தியவரே! கோப்பைத் திறக்குமுன் கொட்டகையைப் பார்த்தவரே! சட்டத்தைச் சாட்டையாகச் சுழற்றாமல், சாய்ந்தவர் பிடித்து எழும் சுவராக ஆக்கியவரே! ஊரகத் தொழிலாளர் நல அலுவலகத்தின் கள அலுவலராய் வந்து, எங்கள் எல்லோர்க்கும் மூத்த உடன்பிறப்பாய் வாய்த்த அன்பு அம்மையீர்! வணக்கம், வணக்கம், உள்ளம் நிறைந்த வணக்கம்!

பணி நிறைவு பெற்றுத் தாங்கள் விடைபெறும் இந்த நன்னாளில், தங்கள் பண்புகளைப் பத்திக்கு ஒன்றாக அடுக்கி வைக்கத்தான் நாங்கள் முதலில் அமர்ந்தோம். பொறுமைக்கு ஒரு பத்தி, நேர்மைக்கு ஒரு பத்தி, இன்சொல்லுக்கு ஒரு பத்தி என்று எழுதி முடித்து, எங்கள் தட்டச்சர் கணீரென்று படித்தும் காட்டினார். எல்லோரும் தலையை ஆட்டினோம். ஜீப் ஓட்டுநர் அண்ணன் மட்டும் ஆட்டவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை எந்த ஆபீசருக்கு வேணும்னாலும் வாசிக்கலாமே! மேடம் என்ன செஞ்சாங்கன்னு இதுல எங்கயும் காணோமே?" என்றார்.

அத்தோடு எங்கள் அலங்காரம் அடங்கிற்று. ஆகவே அம்மையீர், தங்களை முன்வரிசையில் அமரவைத்துக்கொண்டே, தங்களை யாரோ ஒருவர்போல் பாவித்து, தங்கள் கதையை இந்த அவைக்குச் சொல்லப்போகிறோம். ஓட்டுநர் கண்ணால் கண்டது பாதி. தங்கள் வாயிலிருந்தும், இரண்டாம் வரிசையில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் தங்கள் அண்ணியின் வாயிலிருந்தும் நாங்கள் பிடுங்கியது மீதி. பிழை இருந்தால் பொறுத்தருள்க. கூச்சம் வந்தால் தலையைக் குனிந்துகொள்க. இடையில் எழுந்து மறுப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை.

அவையோரே, கேளுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் இந்தக் கள அலுவலருக்குத் தம் அண்ணன் வாழ்ந்த ஊரிலேயே பணி கிடைத்தது. அண்ணன் வீட்டிலேயே தங்கினார். தக்காளி விளையும் ஊர் அது. காய்ப்புக் காலம் வந்துவிட்டால், வயலில் பறித்ததெல்லாம் ஊர்க்கோடியில் இருந்த ஒரே மண்டிக்கு வந்து சேரும். பெண்கள் அங்கே பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். லாரி ஏற்றிக்கொண்டு போகும். அண்ணியும் அந்த மண்டியில்தான் வேலை பார்த்தார்.

விடியற்காலையில் பெண்கள் முச்சந்தியில் வந்து நிற்பார்கள். மண்டியின் மேஸ்திரி வந்து விரலை நீட்டுவார். "நீ வா, நீ வா, நீ வேணாம்." அவ்வளவுதான். அந்த விரல் யார் பக்கம் திரும்புகிறதோ அவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும். உள்ளே போனால் சிமெண்டுத் தரையில் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். உட்கார ஒரு பலகைகூட இல்லை. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடித்தால் வெளியே போக வேண்டும். வெளியே போனால் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும்.

அண்ணி மாலையில் வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, வெந்நீர் வாளிக்குள் காலை விடுவார். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் வாய்க்கால்போல் தெரியும். அதைப் பார்த்த நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை.

"இப்படி வீங்கற அளவுக்கு நிக்கணுமா அண்ணி?"

"வேலைன்னா கால் வலிக்கத்தான் செய்யும். வலிக்காம இருந்தா அதுக்குப் பேரு வேலையா? அதுக்குப் பேரு உன் உத்தியோகம்!" என்றார் அண்ணி.

அன்றிலிருந்து நாத்தனாரின் கண் அந்தக் காலைவிட்டு அகலவில்லை.

அந்த மண்டியில் சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் இருந்தாள். சுருட்டைமுடியால் வந்த பெயர். வாயும் வேலையும் ஒன்றுக்கொன்று போட்டிபோடும். அவள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். மேஸ்திரிக்குத் தெரிந்தால் விரல் தன் பக்கம் திரும்பாதே என்று பயந்து, பெரிய துண்டு ஒன்றைத் தோளிலிருந்து தொங்கவிட்டு வயிற்றை மறைத்து வந்தாள். கள அலுவலர் வழக்கமான ஆய்வுக்காக மண்டிக்குள் நுழைந்த ஒரு நண்பகலில், அந்தப் பெண் நின்ற நிலையிலேயே சரிந்து, குவித்துவைத்த பழத்தின்மேல் விழுந்தாள்.

உடம்பெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து மண்டியே அலறியது. கள அலுவலர் ஓடிப்போய் அவளைத் தூக்கி மடியில் கிடத்தி, பதறிப் பதறித் துடைத்துப் பார்த்தார். தக்காளிச்சாறு! நசுங்கிய பழம்தான். உயிர் திரும்பிவந்ததுபோல் இருந்தது அவருக்கு. அதற்குள் மேஸ்திரி பின்னால் நின்று, "ஐயோ, நல்ல பழமாச்சே!" என்று அங்கலாய்த்தார். சுருட்டை கண்ணைத் திறந்தாள். திறந்ததும் அவள் சொன்னதைத்தான் கள அலுவலரால் இன்றுவரை மறக்க முடியவில்லையாம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேஸ்திரி. நல்லாத்தான் இருக்கேன். வரிசையை விட்டு எடுத்துடாதீங்க."

கள அலுவலர் அந்தச் சாறு படிந்த சேலையோடேயே மண்டிக்காரர் முன் போய் நின்றார். மண்டிக்காரர் கெட்ட மனிதர் அல்லர். சிரித்த முகம், தளர்ந்த தொப்பை, நாலு பேருக்குச் சாப்பாடு போடுகிறோம் என்ற பெருமிதம். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், போய்வரக் கழிப்பறை, நடுப்பகலில் ஓய்வு, பிள்ளை உண்டான பெண்ணுக்கு அவள் இடம் என்று இவர் சொல்லச் சொல்ல அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மேடம், நாற்காலி போட்டா குறட்டைதான் வரும், தக்காளி வராது! உக்காந்து பாக்கற வேலையா இது?"

"நீங்க உக்காந்துதானே பாக்கறீங்க?"

சிரிப்பு நின்றது. கள அலுவலர் முறைப்படி உத்தரவு கொடுத்தார். மண்டிக்காரர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் மண்டியைப் பூட்டினார். "சட்டம் பேசற ஊர்ல எனக்கு என்ன வேலை? வேற ஊர்ல இடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய்ப்பு உச்சத்தில் இருந்த நேரம். வயலெல்லாம் பழம் பழுத்துக் குலுங்குகிறது. வாங்க ஆள் இல்லை. விவசாயிகள் கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டினார்கள். இரண்டு நாளில் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெண்கள் ஜீப்பை வழிமறித்தார்கள்.

"நாங்க கேட்டமா மேடம்? நாற்காலி வேணும்னு உங்ககிட்ட வந்து அழுதமா? நின்னாலும் நாலு வாய் சாப்பிட்டோம். இப்ப உக்காந்து என்னத்தைத் திங்கறது?"

மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, இருக்கிற பிழைப்பையும் கெடுத்துவிட்டாயே அம்மா, உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார். வீட்டிலோ அதைவிடக் கொடுமை. அண்ணி பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் தட்டை வைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்துத்தான் பேசுவார். "சட்டியே, சிலருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும். உனக்கும் எனக்கும் அப்படியா?" சட்டி என்ன சொல்லும்? அண்ணன் சட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சாப்பிட்டது போதும் என்று பாதியில் எழுந்துவிடுவார்.

அன்று காலை ஜீப்பில் ஏறியும் கள அலுவலர் எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஓட்டுநரிடம் கேட்டார்.

"அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"அது எனக்குத் தெரியாது மேடம். வண்டியை எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார் ஓட்டுநர்.

அவர் யோசித்தார். உத்தரவைத் திரும்ப வாங்கினால் நாளைக்கே மண்டி திறக்கும். சுருட்டை மறுபடி துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாள். வாங்காவிட்டால் ஊரே பட்டினி. வேலை வேண்டுமா, மரியாதை வேண்டுமா என்று ஒன்றைக் காட்டி ஒன்றைப் பறிக்கிற இந்தக் கணக்கே பிசகு என்று அவருக்குப் பட்டது. ஊரில் ஒரே ஒரு மண்டி இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு செல்லும். இன்னோர் இடம் இருந்தால்?

"சந்தைக் கொட்டகைக்கு விடுங்க அண்ணே!"

வாரம் ஒரு நாள் கூடும் சந்தைக்காக ஊராட்சி கட்டிய கொட்டகை அது. நல்ல கூரை, மேடை, தண்ணீர்க் குழாய், கழிப்பறைகூட உண்டு. ஆனால் கழிப்பறைக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஊராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டபோது அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "மத்த நாள்ல அங்க ஆடுதான் படுத்துக் கெடக்கு. ஆட்டுக்குப் பதிலா ஆளு இருந்துட்டுப் போகட்டும்" என்று அனுமதி கொடுத்தார். சாவி மட்டும் கிடைக்கவே இல்லை. கடைசியில் ஓட்டுநர் அண்ணன்தான் ஜீப் சாமானை எடுத்துவந்து பூட்டை உடைத்தார். ஊராட்சித் தலைவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விவசாயி ஒருவர், மாட்டுக்குக் கொட்டுவதை இந்த அலுவலரிடம் கொட்டிப் பார்ப்போம் என்று ஒரு வண்டிப் பழம் கொண்டுவந்து இறக்கினார். பெண்களோ எட்ட நின்று வேடிக்கை பார்த்தார்கள். இங்கே கை வைத்தால், நாளைக்கு மண்டி மறுபடி திறக்கும்போது மேஸ்திரி விரல் நீட்ட மாட்டாரே என்ற பயம். கள அலுவலர் யாரையும் கூப்பிடவில்லை. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தாமே பழத்தைப் பிரிக்கத் தொடங்கினார். ஊர் கூடிவிட்டது. சிலர் சிரித்தார்கள். தெருவில் போன நாய்கூட நின்று பார்த்தது என்று ஓட்டுநர் சொல்கிறார். அதை நாங்கள் பாதிதான் நம்புகிறோம்.

அப்போது கூட்டம் விலகியது. அண்ணி வந்தார். தலையில் ஒரு நாற்காலி. வீட்டில் கைவைத்த நாற்காலி என்று இருந்தது அது ஒன்றுதான். அண்ணனைத் தவிர யாரும் அதில் உட்காருவதில்லை. விறுவிறுவென்று வந்து அதை நாத்தனார் எதிரில் நறுக்கென்று வைத்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு கவுத்துப்போட்ட பெட்டில உக்காந்திருக்கறதை ஊரே பாக்குது. மானம் போகுது. எந்திரி!"

சட்டியிடம் பேசாமல் தம்மிடம் பேசியதே போதும் என்று கள அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாக எழுந்தார். அண்ணி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். தம் காலையும் ஒரு பார்வை பார்த்தார்.

"உனக்குன்னுதான் கொண்டுவந்தேன். ஆனா எனக்குக் கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டுத் தாமே அதில் உட்கார்ந்து, பழத்தை இழுத்துப்போட்டுப் பிரிக்க ஆரம்பித்தார்.

சிரிப்பு வெடித்தது. சிரித்த வேகத்தில் ஊரின் பயமும் கொஞ்சம் கலைந்தது. ஒருத்தி வீட்டுக்கு ஓடினாள். கால் உடைந்து கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். இன்னொருத்தி தையல் மிஷின் முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். மாமியாரும் மருமகளும் ஒரு பெஞ்சை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக முடிதிருத்துகிறவர் வந்தார். தம் கடையின் சுழல்நாற்காலியைக் கழற்றி, தள்ளுவண்டியில் ஏற்றி, வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சுருட்டைக்கு. புள்ளத்தாச்சிப் பொண்ணு, தலை சாய்க்கவும் வசதி இருக்கு பாருங்க. புள்ள பொறக்கற வரைக்கும் ஊர்ல யாரும் முடி வெட்டிக்க வேணாம்!"

சுருட்டை துண்டை எடுத்து எறிந்துவிட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு ராணிபோல் ஏறி அமர்ந்தாள். பழுத்தது இடப்பக்கம், செங்காய் வலப்பக்கம். சுற்றிச் சுற்றி அவள் பிரித்த வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் வண்டி காலி. மறுநாள் ஏழெட்டு வண்டி வந்து வரிசையில் நின்றது. லாரி வியாபாரி ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சாயங்காலம் அடுக்கின பெட்டியும் காலைல அடுக்கின மாதிரியே இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டு விலைபேசி ஏற்றிக்கொண்டார். விவசாயிக்கு விலையும் பெண்களுக்குக் கூலியும் அதிலிருந்தே கிடைத்தன. கால் வலிக்காதபோது கை ஏன் தளரும்?

ஒரு மாதம்போல் ஆனது. மண்டிக்காரர் போன ஊரில் இடம் அமையவில்லையோ என்னவோ, ஒருநாள் சந்தைக் கொட்டகைக்கு வந்து வாசலோரம் நின்றார். வேலை மும்முரம், காலி நாற்காலியும் இல்லை. நெடுநேரம் நின்றார். ஒரு காலை மாற்றினார், மறுகாலை மாற்றினார். சுருட்டை சுழன்ற வாக்கில் அவரைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, ரொம்ப நிக்காதீங்க. கால் வீங்கிடும்!"

கொட்டகை அதிரச் சிரித்தது. மண்டிக்காரருக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு அந்தத் தொப்பையும் குலுங்கத் தொடங்கியது. "சரி தாயே, நான் தோத்துட்டேன். நாற்காலி வாங்கிப் போடறேன், வந்து சேருங்க" என்றார். அண்ணி விடவில்லை.

"நாற்காலியோட முடிஞ்சு போச்சா? தண்ணி, கழிப்பறை, மத்தியானம் ஓய்வு. புள்ளை பெத்துட்டு வர்றவளுக்கு அவ இடம் அப்படியே இருக்கணும். முச்சந்தில விரல் நீட்டற வேலையே வேணாம். யாருக்கு என்னைக்கு வேலைன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. நாங்களும் மனுஷங்கதானே?"

மண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். பாதிப் பேர் மண்டிக்குப் போனார்கள். பாதிப் பேர் சந்தைக் கொட்டகையிலேயே தங்கித் தாங்களாகவே நடத்தினார்கள். ஊரில் இரண்டு இடம் ஆனது. அவ்வளவுதான், உலகமே புரண்டுவிட்டது! முச்சந்தியில் விரல் நீட்டிய மேஸ்திரி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "நாளைக்கு வர்றீங்களா அக்கா?" என்று தலையைச் சொறிந்தார். கூலி தானாக ஏறியது. பிழைப்புத் தேடி நகரத்துக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள், பூட்டிய வீடுகளைத் திறந்து ஒட்டடை அடித்தன. படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிய பெண்பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சுருட்டைக்குப் பிறந்தது பெண். இரட்டைச் சுழி, அம்மாவின் அதே முடி. முடிதிருத்துகிறவர் தம் நாற்காலி திரும்பி வந்த அன்று, காடாய் மண்டிக்கிடந்த ஊர்த் தலைகளை எல்லாம் இலவசமாக வெட்டித் தள்ளினார்.

அம்மையீர்! இனித் தங்களையே நோக்கிப் பேசுகிறோம்.

அந்த ஊரோடு தாங்கள் நின்றுவிடவில்லை. கயிறு திரிக்கும் இடம், செங்கல் அறுக்கும் களம், முந்திரி உடைக்கும் கூடம் என்று போன இடமெல்லாம் நல்ல வேலைக்கு நாற்று நட்டீர்கள். ஒரு பாடத்தை மட்டும் தக்காளி ஊரிலேயே கற்றுக்கொண்டு வந்தீர்கள்: எந்தக் கதவையும் மூடவைப்பதற்கு முன், அதற்குள் இருப்பவர் நாளைக்கு எங்கே உண்பார் என்று கேட்டீர்கள். எங்களையும் கேட்கவைத்தீர்கள். தங்களிடம் குறையே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். தங்கள் கையெழுத்தைப் படித்துப் படித்துத் தட்டச்சருக்குக் கண்ணாடி வந்தது. போன இடமெல்லாம் குடையை மறந்து, அதைத் தேடிப் போகிற சாக்கில் அந்த இடத்தை மறுமுறையும் பார்த்துவிட்டு வருவீர்கள். அது மறதியா, தந்திரமா என்று இந்த அலுவலகம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

சென்ற வாரம் தங்கள் கடைசிக் களப்பயணம். புதிதாகத் திறந்த ஒரு காய்கறிக் கூடம். தாங்கள் வாயிலில் கால் வைத்ததும், அங்கே வேலைசெய்யும் பெண் ஒருத்தி குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"யாரும்மா நீங்க? இப்ப எங்க ஓய்வு நேரம். முடிஞ்சப்புறம் வாங்க."

ஓட்டுநர் கொதித்துப்போனார். "யார்னு தெரியுமா இவங்க?" என்று வாயெடுத்தவரைத் தாங்கள் தோளைத் தொட்டு அடக்கினீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தங்களைத் தெரியாது. ஓய்வு என்பது யாரோ போராடிப் பெற்றுத் தந்தது என்றும் தெரியாது. சூரியன் உதிப்பதுபோல் அதுவும் இயல்பாகவே உள்ளது என்று நினைக்கிறாள். தாங்கள் மரத்தடியில் காத்திருந்தீர்கள். உள்ளே பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஓசை வெளியே கேட்டது. "மேடம் அங்க நின்னு தனியா சிரிச்சாங்க. இத்தனை வருஷத்துல அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்று ஓட்டுநர் அண்ணன் வந்து எங்களிடம் சொன்னார்.

தாயே! தங்களை அறியாதவர் வாழ்விலும் தங்கள் உழைப்பு உறைந்திருக்கிறது என்பதைவிடப் பெரிய பட்டத்தை எங்களால் தர இயலாது. இனிமேல் விடிந்தபின் விழித்தெழுங்கள்! விரும்பியபோது உண்டு, விரும்பியபடி உறங்குங்கள்! அண்ணியார் தங்களிடம் ஓயாமல் பேசட்டும். சட்டி பேச்சுத்துணை இன்றி ஏங்கட்டும்! நோயின்றி, குறையின்றி, சுற்றமும் நட்பும் சூழ நெடுங்காலம் வாழ்க! வாழ்க! வளமோடும் நலமோடும் வாழ்க!

தங்களை வழியனுப்ப மனமின்றி, வாழ்த்த மட்டும் வாய் நிறைந்து,
தங்கள் அன்புப் பணியாளர்கள்,
ஊரகத் தொழிலாளர் நல அலுவலகம்.
(பிழை திருத்தியவர்: ஜீப் ஓட்டுநர்)